ஆறே காலுக்கு வரும் பேய்

கரண்ட்டைப் பத்தி ஒரு பதிவு எழுதுன்னு நண்பர் ஒருத்தர் ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டு இருக்கார். "சினிமா விமர்சனம் எழுதற, கொத்து பரோட்டா எங்க நல்லாருக்குன்னு எழுதற, உனக்குச் சோறு போடற தொழிலைப் பத்தி மட்டும் ஒரு வரி எழுத மாட்டேங்கற"ன்னு ஒரு குத்து வேற. நியாயமான குத்துதான். அதனால இன்னிக்கு மொக்கைக்கு லீவு. மேட்டர்: கெப்பாசிட்டர்.

பயந்து ஓடிடாதீங்க மக்களே. ஃபார்முலா ஒண்ணே ஒண்ணுதான் வரும், அதுவும் வர்க்கமூலத்தோட நின்னுடும். நடுவுல ஒரு பேய்க் கதையும் உண்டு.

அடியேன் கோயமுத்தூர் பக்கம் மோட்டார் டிரைவ் சர்வீஸ் பண்ற ஆளு. டிரைவ்னா மோட்டாரோட வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற எலக்ட்ரானிக் பெட்டி. ஸ்பின்னிங் மில், பம்ப், லிஃப்ட்னு எல்லா இடத்துலயும் இருக்கும். இது கெட்டுப் போச்சுன்னு ஃபோன் வந்தா ராத்திரி பகல் பாக்காம பையைத் தூக்கிட்டுப் போறதுதான் பொழப்பு.

*

மொதல்ல கெப்பாசிட்டர் எதுக்குன்னு பாத்துடலாம். வீட்டு சீலிங் ஃபேன் மெதுவா சுத்தினா எலக்ட்ரீசியன் வந்து "கண்டன்சர் போயிருச்சுங்க"ன்னு சொல்லி ஒரு சின்ன டப்பாவை மாத்திட்டுப் போவாரே, அந்த வகையறாதான். சப்-ஸ்டேஷன்ல இருக்கறது அதோட பெரியப்பா. தகர டின் மாதிரி ஒரு உடம்பு, தலையில பீங்கான் கொம்பு. ஸ்டாண்டு மேல இப்படி வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க. மொத்தமா அதுக்கு கெப்பாசிட்டர் பேங்க்னு பேரு. (இந்த பேங்க்ல லோன் கிடைக்காது.)

மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி சமாச்சாரங்களுக்கு ரெண்டு விதமா கரண்ட் தேவை. ஒண்ணு நெசமா வேலை செய்யற கரண்ட், நாம காசு கட்டறது அதுக்குத்தான். இன்னொண்ணு உள்ள காந்தப்புலத்தை உண்டாக்கறதுக்கு. இது செலவாகறதில்ல. லைன்ல போகும், திரும்பி வரும், மறுபடி போகும்.

டவுன் பஸ் கண்டக்டர் பையில இருக்கற சில்லறையை நினைச்சுக்கோங்க. அது கலெக்‌ஷன் கிடையாது. பயணிகள் கைக்கும் பைக்கும் நடுவுல போயிட்டு வந்துட்டு இருக்கும், அவ்ளோதான். ஆனா அது இல்லன்னா பஸ் ஓடாது, சண்டைதான் ஓடும். இப்ப ஒவ்வொரு தடவையும் டெப்போவுக்கு ஆள் அனுப்பி சில்லறை வாங்கிட்டு வந்தா எப்படி இருக்கும்? ரோடு பூரா சில்லறை வாங்கப் போற ஆளுங்களாத்தான் இருப்பாங்க. மின்கம்பியிலயும் அதேதான் நடக்குது. இந்தப் போக்குவரத்து கரண்ட் எங்கேயோ இருக்கற ஜெனரேட்டர்ல இருந்து கிளம்பி வந்தா கம்பி சூடாகும், நஷ்டமாகும், கடைசியில இருக்கறவனுக்கு வோல்டேஜ் இறங்கும். பக்கத்துத் தெரு பெட்டிக்கடையிலயே சில்லறை கிடைக்கிற மாதிரி ஏற்பாடு பண்றதுதான் கெப்பாசிட்டர் பேங்க்.

காலையில பம்பு செட், ஃபேக்டரி எல்லாம் ஓட ஆரம்பிச்சா வோல்டேஜ் இறங்கும், அப்ப பேங்க்கை உள்ள சேர்ப்பாங்க. ராத்திரி லோடு குறைஞ்சதும் எடுத்துடுவாங்க, இல்லன்னா வோல்டேஜ் ரொம்ப ஏறிடும். ஆக, தினமும் ஆன், தினமும் ஆஃப். ஆன் பண்ற அந்த ஒரு நொடிக்குள்ளதான் நம்ம கதையே இருக்கு.

*

2007-ல நடந்தது. கோவைக்கு வெளியே ஒரு ஸ்பின்னிங் மில். பேரு வேண்டாம்.

அங்க ரிங் ஃப்ரேமுக்கெல்லாம் டிரைவ் போட்டிருந்தாங்க. ஒரு ஃப்ரேம்ல 1008 ஸ்பிண்டில். ஃப்ரேமை நிறுத்தறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. வேகத்தைப் படிப்படியா குறைச்சு அலுங்காம நிறுத்தணும். டிரைவ் பட்டுன்னு ட்ரிப் ஆச்சுன்னா நூல் கொத்துக் கொத்தா அறுந்துரும். மறுபடி ஓட்டும்போது ஒவ்வொண்ணா கையால எடுத்து ஒட்டணும். ஒரே சமயத்துல நாலு ஃப்ரேம் நின்னா, அந்த ஷிஃப்ட்ல இருக்கற பொண்ணுங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சிரும்.

வாரத்துக்கு ரெண்டு தடவை, சமயத்துல மூணு தடவை, விடியக்காலையில இப்படி நாலஞ்சு ஃப்ரேம் சேர்ந்தாப்புல நின்னுட்டு இருந்துச்சு. டிரைவ் ஸ்கிரீன்ல 'ஓவர் வோல்டேஜ்'னு காட்டும். ரீசெட் பண்ணினா ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும். நாங்க போய் டிரைவைக் கழட்டிப் பாத்தோம், போர்டை மாத்திப் பாத்தோம். டிரைவ்ல ஒரு குறையும் இல்ல.

மேனேஜ்மெண்ட் ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. நடக்கறது நைட் ஷிஃப்ட்ல. நைட் ஷிஃப்ட் எலக்ட்ரீசியன் ஐம்பதைத் தாண்டின ஒரு அண்ணன். "ஆளு தூங்கறான், எந்திரிச்சு எதையாவது தப்பாத் தட்டி விடறான், இல்லன்னா வேணும்னே பண்றான்." அவர் கையில மெமோ கொடுத்தாச்சு. அடுத்தது என்னன்னு மில்லுல எல்லாருக்கும் தெரியும். அவருக்கு ரெண்டு பொண்ணு, சின்னது காலேஜ்ல படிச்சிட்டு இருந்துச்சு.

நான் போன அன்னிக்கு பேனல் ரூம் வாசல்ல வச்சு சொன்னார். "தம்பி, நானு ஒண்ணுமே பண்றதில்லீங்க. அதுவா நிக்குது. ஆறே காலுக்கு ஏதோ பேய் வந்து தட்டிட்டுப் போற மாதிரி இருக்குதுங்க."

"ஆறே காலுன்னு எப்படிண்ணா கரெக்டா சொல்றீங்க?"

சட்டைப் பையில இருந்து ஒரு பாக்கெட் டைரியை எடுத்துக் காட்டினார். ஏதோ கூட்டுறவு சங்கத்துல கொடுத்த இத்தூண்டு டைரி. தேதி, மணி, எந்தெந்த ஃப்ரேம் நின்னுச்சு, அவ்ளோதான். ரெண்டு மாசத்துல 19 பதிவு. (அந்தக் காலத்துல நான் போட்ட பதிவை விட அதிகம்!) எல்லாமே ஆறு பத்துக்கும் ஆறு இருபத்தஞ்சுக்கும் நடுவுல. அதுல ஒண்ணு கூட ஞாயித்துக்கிழமை இல்ல. மில்லு ஞாயித்துக்கிழமையும் ஓடுது, அவரும் ரெண்டு ஞாயிறு டியூட்டி பாத்திருக்கார், ஆனா ஒரு ட்ரிப் கூட கிடையாது.

கெட்டுப்போன டிரைவுக்கு நாள் கிழமை தெரியாதுங்க. தூங்கற மனுஷனும் ஞாயித்துக்கிழமை மட்டும் முழிச்சுட்டு இருக்க மாட்டான். வெளியே இருந்து ஏதோ ஒண்ணு கடிகாரம் பாத்து வருதுன்னு அந்த டைரியைப் பாத்ததுமே புரிஞ்சு போச்சு.

*

இங்க கொஞ்சம் சயின்ஸ். ஊஞ்சலை வச்சே முடிச்சுடறேன்.

ஊஞ்சலை ஒரு பக்கமா ஒரு அடி இழுத்துப் பிடிச்சு விட்டா என்ன ஆகும்? நடுவுக்கு வந்து நிக்காது. அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரு அடி போகும். அப்புறம் ஆடி ஆடி அடங்கும். கெப்பாசிட்டரை லைன்ல சேர்க்கறதும் இப்படித்தான். காலியா இருக்கற கெப்பாசிட்டரோட வோல்டேஜ் பூஜ்யம். லைன் வோல்டேஜ் உச்சத்துல இருக்கும்போது சுவிட்சை மூடினா, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் நாம இழுத்துப் பிடிச்ச தூரம். மூடின அந்தக் கணத்துல லைன் வோல்டேஜ் தொபுக்கடீர்னு பூஜ்யத்துக்குப் பக்கம் விழும், ஏன்னா காலி கெப்பாசிட்டர் ஒரு கணம் ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். அடுத்து மேல எகிறும். போய்ச் சேர வேண்டிய உச்சத்துல நிக்காம அதையும் தாண்டிப் போகும். கணக்குப்படி அதிகபட்சம் சாதாரண உச்சத்தைப் போல ரெண்டு மடங்கு. நெசத்துல கம்பியோட தடையும் லோடும் கொஞ்சம் அடக்கறதால பெரும்பாலும் ஒன்றரை மடங்கை ஒட்டி முன்னப்பின்ன நிக்கும்.

எவ்வளவு வேகமா ஆடும்? அதுக்குத்தான் நான் சொன்ன ஒரே ஃபார்முலா. அந்த இடத்தோட ஷார்ட் சர்க்யூட் பலத்தை எம்.வி.ஏ.ல எடுத்துக்கோங்க, அதை பேங்க்கோட எம்.வி.ஏ.ஆர். அளவால வகுங்க, வர்க்கமூலம் எடுங்க, 50-ஆல பெருக்குங்க. உதாரணத்துக்கு 250 எம்.வி.ஏ. பலமுள்ள இடத்துல 2.5 எம்.வி.ஏ.ஆர். பேங்க்னு வச்சுக்குவோம். வகுத்தா 100, வர்க்கமூலம் 10, பெருக்கினா 500 ஹெர்ட்ஸ். பொதுவா 300-ல இருந்து 1000 ஹெர்ட்ஸுக்குள்ள வரும். ஒண்ணு ரெண்டு அலைக்குள்ள, அதாவது கண் சிமிட்டற நேரத்துல பத்துல ஒரு பங்குக்குள்ள, எல்லாம் அடங்கிடும். பேனல்ல இருக்கற முள் மீட்டருக்கு இது தெரியவே தெரியாது. மேனேஜர் "மீட்டர் 415 காட்டுது, எங்கய்யா ஓவர் வோல்டேஜ்?"னு கேட்டதுல தப்பே இல்ல. அவர் பாத்த மீட்டர் அவ்ளோதான் காட்டும்.

இந்த ஆட்டம் ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்ல. கெப்பாசிட்டரும் காயிலும் சேர்ந்தா மின்சாரம் ஊஞ்சல் மாதிரி ஆடும்னு வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபுன்னு ஆனவர்) 1853-லயே கணக்குப் போட்டுக் காட்டிட்டார். சில வருஷம் கழிச்சு ஜெர்மனியில ஃபெட்டர்சன்னு ஒருத்தர் லெய்டன் ஜாடியோட தீப்பொறியை சுத்தற கண்ணாடியில பாத்து, ஒரே பொறி மாதிரி தெரியறது போயிட்டு வந்துட்டு இருக்கற பல பொறின்னு கண்ணால காட்டினார். கரண்ட் கம்பமே இல்லாத காலத்துல புரிஞ்சுக்கிட்ட விஷயம்தான் நம்ம ஊர் மில்லுல பேயா வந்து நிக்குது.

*

அப்ப டிரைவ் ஏன் ட்ரிப் ஆகுது? டிரைவுக்குள்ள வர்ற ஏ.சி.யை டி.சி.யா மாத்தி ஒரு கெப்பாசிட்டர்ல தேக்கி வச்சுத்தான் மோட்டாருக்குக் கொடுக்கும். 415 வோல்ட்டோட உச்சம் 587. அதனால அந்த டி.சி. சாதாரணமா 560, 580-னு இருக்கும். இது 800 பக்கம் போனா, உள்ள இருக்கற டிரான்சிஸ்டரைக் காப்பாத்த டிரைவ் தானா நின்னுடும். லைன்ல ஒரு எகிறல் வந்ததும் டயோடு வழியா அது நேரா இந்த டி.சி.யில போய் ஏறிக்கும். அதனால டிரைவ் ட்ரிப் ஆனது அது செய்ய வேண்டிய வேலையைத்தான் செஞ்சுது.

ஆனா சப்-ஸ்டேஷன்ல வர்ற ஒன்றரை மடங்கு மில்லுக்கு வந்து சேரும்போது குறையணுமே, ஏன் இவ்ளோ ஆட்டம்? இங்கதான் ரெண்டாவது வில்லன். மில்லுக்குள்ளயும் கெப்பாசிட்டர் இருக்கு. பவர் ஃபேக்டர் குறைஞ்சா பில்லுல தண்டம் கட்டணும்னு எல்லா மில்லுலயும் வச்சிருப்பாங்க. தானே ஸ்டெப் ஸ்டெப்பா கெப்பாசிட்டரைச் சேர்த்து எடுக்கிற பேனல்.

ஒரே கொம்புல ரெண்டு ஊஞ்சல் கட்டியிருக்குன்னு வைங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. பெருசை ஆட்டி விட்டா கொம்பு வழியா சின்னதுக்கும் அசைவு போகும். ரெண்டுக்கும் கயிறு நீளம் ஒண்ணா இருந்துச்சுன்னா, கொஞ்ச நேரத்துல சின்னது பெரிசை விட உயரமா ஆடும். சப்-ஸ்டேஷன் பேங்க்கோட ஆட்ட வேகமும், மில்லு டிரான்ஸ்ஃபார்மர் - மில்லு கெப்பாசிட்டர் ஜோடியோட ஆட்ட வேகமும் பொருந்திப் போனா இதே கதைதான். 22 கே.வி. பக்கம் ஒன்றரை மடங்கா இருந்தது 415 பக்கம் மூணு மடங்கு வரைக்கும் கூட போகலாம். அன்னன்னிக்கு காலையில மில்லு பேனல்ல எத்தனை ஸ்டெப் உள்ள இருக்குங்கறதைப் பொறுத்து பொருத்தம் மாறும். அதனாலதான் தினமும் வராம வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை மட்டும் வந்துட்டு இருந்துச்சு.

இதெல்லாம் என் ஊகம்தானே? மெமோவை ஊகத்தால அழிக்க முடியாது. அதனால அலையைப் படம் பிடிக்கற அனலைசர் ஒண்ணை வாடகைக்கு எடுத்து பஸ்பார்ல மாட்டினோம். மூணாவது நாள் சிக்கிச்சு. மணி 6.14. அழகான சைன் அலை, உச்சத்துக்குப் பக்கத்துல போனதும் ஒரு வெட்டு விழுந்து, அங்கேருந்து 1,050 வோல்ட் வரைக்கும் எகிறி, நடுங்கி நடுங்கி ஒரு அலைக்குள்ள அடங்கியிருந்தது. அன்னிக்கு அஞ்சு ஃப்ரேம் நின்னுச்சு.

பிரிண்ட் எடுத்துக்கிட்டு பக்கத்து சப்-ஸ்டேஷனுக்குப் போனேன். அங்க இருந்த இன்ஜினியர் ரொம்ப நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்து லாக் புக்கைத் திருப்பிக் காட்டினார். அதே தேதியில "கெப்பாசிட்டர் பேங்க் ஆன் - 6.15"னு ஆபரேட்டர் கையெழுத்து. "ஞாயித்துக்கிழமை?"ன்னு கேட்டேன். "லோடு இருக்காதுங்க, போட மாட்டோம்"னார். டைரியையும் லாக் புக்கையும் பக்கத்துல வச்சுப் பாத்தோம். 19 தேதியும் பொருந்திச்சு.

கடைசியா ஒரு சோதனை. மூணு நாள் காலையில ஆறு மணிக்கே மில்லு கெப்பாசிட்டர் பேனலை ஆஃப் பண்ணி வச்சோம். சப்-ஸ்டேஷன்ல வழக்கம் போல பேங்க் போட்டாங்க. ஒரு ஃப்ரேம் கூட நிக்கல.

பேங்க் போட்டவர் அவர் கடமையைத்தான் செஞ்சார். அவர் போடலைன்னா பக்கத்து ஊர் பம்பு செட்டுக்கெல்லாம் வோல்டேஜ் வராது.

*

சரி, பேங்க்கும் வேணும், எகிறலும் வேண்டாம். என்ன பண்ணலாம்? உலகம் பூரா பண்றது நாலஞ்சு வழிதான்.

ஒண்ணு, முன்கூட்டி ஒரு ரெசிஸ்டர். மெயின் காண்டாக்ட் மூடறதுக்குச் சில மில்லிசெகண்ட் முன்னாடி ஒரு ரெசிஸ்டர் வழியா கெப்பாசிட்டரைக் கொஞ்சம் நிரப்பிடறது. ஊஞ்சலைக் கையால பிடிச்சு மெதுவா நடுவுக்குக் கொண்டு வர்ற மாதிரி. இதைப் பாக்க சப்-ஸ்டேஷன் போக வேண்டாம். எந்த மில்லு பேனல்லயும் கெப்பாசிட்டர் காண்டாக்டர் தலையில சுருள் சுருளா கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அது இந்த வேலைக்குத்தான். அலங்காரத்துக்குன்னு நினைச்சு வெட்டி எறிஞ்ச புண்ணியவான்களையும் பாத்திருக்கேன்.

ரெண்டு, வரிசையில ஒரு ரியாக்டர். ஏற்கனவே ஒரு பேங்க் ஓடிட்டு இருக்கும்போது பக்கத்துலயே இன்னொண்ணைச் சேர்த்தா, நிறைஞ்ச பேங்க் காலி பேங்க்குக்குள்ள அப்படியே கொட்டும். நடுவுல தடுக்க ரெண்டடி பஸ்பார் தவிர ஒண்ணுமில்ல. ஆயிரக்கணக்கான ஆம்பியர் கரண்ட், பல ஆயிரம் ஹெர்ட்ஸ்ல பாயும். பிரேக்கர் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கும். அதைத் தடுக்கத்தான் இந்த ரியாக்டர். வோல்டேஜ் எகிறலை இது பெருசா குறைக்காது.

மூணு, அரெஸ்டர். துத்தநாக ஆக்சைடு வில்லை. 1960-களின் கடைசியில ஜப்பான்ல மட்சுஷிட்டா கம்பெனியில உருவான சரக்கு. வோல்டேஜ் ஒரு அளவைத் தாண்டினா கதவைத் திறந்து மண்ணுக்கு அனுப்பும். நம்ம வீட்டு ஸ்பைக் பஸ்டருக்குள்ள இருக்கற நீல வில்லையும் இதேதான். ஆனா இது ரொம்பப் பெரிய எகிறலுக்குத்தான் திறக்கும். ரெண்டு மடங்குக்குக் கீழ இருக்கறதை பெரும்பாலும் கண்டுக்காது. டிரைவ் அதுக்கு முன்னாடியே நின்னு போயிருக்கும்.

நாலு, நேரம் பாத்து மூடறது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஊஞ்சலை இழுக்காமலே விட்டா அது ஆடவே ஆடாது இல்லையா? லைன் வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கிற கணத்துல சுவிட்சை மூடினா ரெண்டு பக்கமும் பூஜ்யம், எகிறலே இல்ல. 50 ஹெர்ட்ஸ்ல பத்து மில்லிசெகண்டுக்கு ஒருக்கா பூஜ்யம் வரும். சுலபம்னு தோணும். ஆனா ஒரே ஒரு மில்லிசெகண்ட் தவறினாலே வோல்டேஜ் உச்சத்துல 31 சதவீதம் ஏறிடும். காண்டாக்ட் தொடறதுக்கு முன்னாடியே நடுவுல பொறி பறந்து சேர்ந்துக்கும், அதையும் கணக்குல எடுக்கணும். குளிர், வெயில், பேட்டரி வோல்டேஜைப் பொறுத்து சுவிட்ச் மூடற வேகம் மாறும், அதையும் பாக்கணும். இதுக்குன்னே கன்ட்ரோலர்கள் இருக்கு.

இன்னொரு சிக்கல், மூணு ஃபேஸ். மூணுக்கும் பூஜ்யம் ஒரே நேரத்துல வராது. சாதாரண பிரேக்கர் மாதிரி மூணையும் சேர்த்து மூடினா, எந்தக் கணத்துல மூடினாலும் ஏதாவது ஒரு ஃபேஸ் உச்சத்துல 86 சதவீதத்துக்கு மேலதான் இருக்கும். தப்பவே முடியாது. அதனால ஒவ்வொரு ஃபேஸையும் தனித்தனியா மூடற சுவிட்ச் வேணும். நடுப்புள்ளி எர்த் ஆன பேங்க்னா 3.3 மில்லிசெகண்ட் இடைவெளி விட்டு ஒவ்வொண்ணா. எர்த் ஆகாததுன்னா ரெண்டு ஃபேஸை மொதல்ல, அஞ்சு மில்லிசெகண்ட் கழிச்சு மூணாவதை. தைரிஸ்டர் வச்சு சேர்க்கிற முறையிலயும் தத்துவம் இதேதான்: வித்தியாசம் பூஜ்யமா இருக்கும்போது சேர்.

அஞ்சு, வாடிக்கையாளர் பக்கம் செய்யறது. டிரைவ் வாசல்ல ஒரு சோக். மில்லு கெப்பாசிட்டரோட வரிசையில ஒரு ரியாக்டர், அதாவது டீட்யூன்ட் பேனல். 7 சதவீத ரியாக்டர் போட்டா அந்த ஜோடி 189 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகிடும். சின்ன ஊஞ்சலோட கயிறு நீளத்தை மாத்தி விட்டாச்சு, பெருசு என்ன ஆடினாலும் இது கூட ஆடாது.

நாங்க பண்ணினது அஞ்சாவது. சப்-ஸ்டேஷன் பிரேக்கரை மாத்தறது நம்ம கையில இல்ல, மில்லுக்குள்ள மாத்தறது நம்ம கையில இருக்கு. மொதல்ல எல்லா டிரைவுக்கும் 3 சதவீத சோக் போட்டோம். கெப்பாசிட்டர் பேனலை மாத்தத்தான் மேனேஜ்மெண்ட் கணக்குப் பாத்தாங்க. அறுந்த நூல், வீணான பஞ்சு, நின்ன மணி நேரம்னு மில்லு ஆளுங்களே கூட்டிப் பாத்துட்டு ஒரு மாசத்துல ஆர்டர் போட்டாங்க. அதுக்கப்புறம் ஆறே கால் பேய் வரல.

*

பேங்க்கை எடுக்கும்போதும் ஒரு ஆபத்து இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஆஃப் பண்ணின கெப்பாசிட்டர் செத்த பாம்பு இல்லீங்க. சுவிட்சைத் திறந்த கணத்துல அது முழு உச்ச வோல்டேஜைப் பிடிச்சு வச்சிருக்கும். அரை அலை கழிச்சு லைன் எதிர்ப்பக்க உச்சத்துக்குப் போகும், சுவிட்சோட ரெண்டு முனைக்கும் நடுவுல ரெண்டு மடங்கு வோல்டேஜ். அந்த இடைவெளியில மறுபடி பொறி தாண்டிச்சுன்னா எகிறல் மூணு மடங்குக்குப் போகும். வேக்குவம், எஸ்.எஃப்.6 பிரேக்கரெல்லாம் வந்த பிறகு இது குறைஞ்சிருக்கு.

தேங்கின சார்ஜ் இறங்க உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சர்வதேச தரப்படி எல்.டி. கெப்பாசிட்டர் மூணு நிமிஷத்துலயும், எச்.டி. கெப்பாசிட்டர் பத்து நிமிஷத்துலயும் 75 வோல்ட்டுக்கு இறங்கணும். அதுவரைக்கும் மறுபடி ஆன் பண்ணவும் கூடாது, கிட்டப் போகவும் கூடாது. நேரம் ஆனாலும் எர்த் ராடு போட்டு இறக்காம கை வைக்கக் கூடாது, ஏன்னா அந்த ரெசிஸ்டரே கெட்டுப் போயிருக்கலாம். உங்க வீட்டுல, சொந்தத்துல யாராவது இந்த வேலையில இருந்தா இந்தப் பத்தியை மட்டும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.

*

அந்த அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். வேலை போகல. நைட் ஷிஃப்ட்லயே தொடர்ந்தார். ஆனா கொடுத்த மெமோவை யாரும் எழுத்துல வாபஸ் வாங்கல. "அதான் சரியாயிடுச்சே, விடுய்யா"ன்னு வாய் வார்த்தையோட முடிச்சுட்டாங்க. நான் ரிப்போர்ட் எழுதும்போது அவரோட டைரிப் பதிவுகளையும் லாக் புக் தேதிகளையும் ஒரு அட்டவணையா போட்டு, எடுத்துக் கொடுத்தவர் யாருன்னு அவர் பேரையும் டோக்கன் நம்பரையும் எழுதி மூணு காப்பி கொடுத்தேன். ஒரு காப்பியை அவர் கேட்டு வாங்கிக்கிட்டார். அதை மெமோவோட சேர்த்து பின் பண்ணி வீட்டுல வச்சிருக்கேன்னு பின்னாடி ஒருக்கா பாத்தப்ப சொன்னார்.

இதுக்கப்புறம் எந்த மில்லுக்குப் போனாலும் நான் கேக்கற மொதல் கேள்வி "எத்தனை மணிக்கு?"தான். நீங்களும் ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, டேட்டா சென்டர்னு எங்கயாவது இருந்து, ஏதாவது மெஷின் காரணமே இல்லாம நிக்குதுன்னா மூணு விஷயம் பண்ணுங்க. தேதி, மணி, கிழமையோட எழுதி வைங்க. ஒரே நேரத்துல எத்தனை மெஷின் நின்னுச்சுன்னு எழுதுங்க. ரெண்டு வாரம் ஆனதும் சப்-ஸ்டேஷன்ல போய் மரியாதையா கேளுங்க, பேங்க் எப்ப போடறீங்க, எப்ப எடுக்கறீங்கன்னு. அதுக்கு முன்னாடி யாருக்கும் மெமோ கொடுக்காதீங்க.

உங்க பக்கம் இப்படி ஏதாவது பேய் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. மணியைப் போட மறக்காதீங்க :-)

டிஸ்கி: நச்சரிச்ச நண்பருக்கு, உமக்குச் சொன்ன மாதிரி எழுதிட்டேன் ஓய். அடுத்த பதிவு கொத்து பரோட்டாதான்.